ஒரு டிவி, ரெண்டு சம்பந்தி, அஞ்சு பொட்டி: ஹெச்டிஎம்ஐ ஸ்விட்ச் எட்டு மாசம் யூஸ் பண்ணி பாத்தது

முதல்லயே சொல்லிடுதேன், பிராண்ட் பேரு போட மாட்டேன். குறையும் சொல்லப் போறேன், அதுவும் போக இந்த சாமான் (பல பொட்டில ஒண்ண தேர்ந்தெடுத்து ஒரே டிவிக்கு அனுப்புற ஸ்விட்ச்) ஒரே டப்பா பத்து பேர்ல வருது, நீங்க வாங்குறப்ப வேற பேரு ஒட்டியிருக்கும், உள்ள பாத்தா அதே போர்டு. கறுப்பு மெட்டல் பாடி, பின்னாடி அஞ்சு இன்புட் ஒரு அவுட்புட், முன்னாடி ஒரு பட்டன், வரிசையா அஞ்சு குட்டி எல்இடி, தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா ஒரு ரிமோட், ஒரு அடாப்டர். 1,150 ரூபா. கேரளாவுல இருக்க புனலூர்ல வாங்குனது, அது ஏன் செங்கோட்டைக்காரன் புனலூர் போய் வாங்குனான்னு கேட்டா அது ஒரு கத.

எங்க வீட்டு டிவி 43 இஞ்ச், 4கே, மூணு ஹெச்டிஎம்ஐ போர்ட் (படமும் சத்தமும் ஒரே வயர்ல வர ஓட்டை) உள்ளது. போன ஐப்பசில ஒரு நாள் சாயங்காலம் இடி விழுந்துச்சு பாருங்க, வீட்டுக்கு மேலல்லாம் விழல, எங்கயோ பண்பொழி பக்கம் மலைல விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா மாடில இருக்க டிஷ் வயரு வழியா இறங்கி ஒரு செட்டாப் பாக்ஸும் அது சொருகியிருந்த மூணாவது போர்ட்டும் காலி. டிவி ஓடுது, மத்த ரெண்டு போர்ட்டும் ஓடுது, அந்த ஒண்ணு மட்டும் நோ சிக்னல். சர்வீஸ்ல கேட்டா போர்டையே மாத்தணும் 8,500 ஆகும்னாப்ல, ஒரு ஓட்டைக்கு 8,500 ஆன்னு திரும்பி வந்துட்டேன்.

மிச்சம் ரெண்டு. அதுல ஒண்ணு ஏஆர்சி போர்ட் (டிவி சத்தத்த வெளிய அனுப்புறது), சவுண்ட்பார் அதுல சொருகியிருக்கு. ஆக கையில இருக்கது ஒரே ஒரு போர்ட். சொருக வேண்டியது எத்தனைன்னு எண்ணுனா அம்மாவோட கேபிள் பாக்ஸ், என் மாமியாரோட டிடிஹெச் பாக்ஸ், நெட்ல படம் பாக்க ஃபயர் ஸ்டிக், பையன் கேம் ஆடுற பிஎஸ்4, அப்புறம் வாசல்லயும் கொல்லையிலயும் மாட்டுன சிசிடிவி படத்த பதியுற டிவிஆர். அஞ்சு. எப்பவாவது என் லேப்டாப்.

ரெண்டு செட்டாப் பாக்ஸ் எதுக்கு, ஒண்ணுல மலையாள சேனலும் சேத்து போட்டா முடிஞ்சிதேன்னு இதுவரைக்கும் ஏழு பேரு கேட்டுட்டாவ. எங்க ஊரே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சில இருந்த ஊரு, பாதி வீட்டுல கொண்டான் குடுத்தான் எல்லாம் அந்தப் பக்கம்தான். என் வீட்டுக்காரி புனலூர். மாமா போனதுக்கு அப்புறம் அத்தை எங்க கூடதான் இருக்காங்க, வரும்போது துணிமணியோட டிஷ்ஷையும் கழட்டி கொண்டு வந்துட்டாங்க. கேபிள்ல மலையாளம் கொஞ்சம் வரும், ஆனா அத்தைக்கு வேண்டிய சேனல் எல்லாம் வராது, வந்தாலும் நம்பர் வேற. பத்து வருஷமா விரல்ல பதிஞ்ச நம்பர மாத்த சொன்னா யாருக்குத்தான் பிடிக்கும். இடில போன பாக்ஸும் அத்தையோடதுதான், புதுசு போட்டாச்சு.

மொதல்ல என்ன பண்ணேன்னா கேபிள் பாக்ஸ மூணு கலர் ஏவி வயர்ல போட்டேன். படம் வந்துச்சு. ஆனா அது பழைய 576 லைன் படம், 43 இஞ்ச்ல போட்டா எல்லாரு மூஞ்சியும் மாவு பூசுன மாதிரி இருக்கு. அம்மாக்கு ஹெச்டின்னா என்னன்னு தெரியாது, ஆனா ரெண்டே நாள்ல “ஏல, எம் பொட்டிய மட்டும் ஏன் மங்கலா வச்சிருக்க, மதினி பொட்டி பளிச்சினு இருக்கே” அப்டின்னு கேட்டுட்டா. அன்னைக்கே ஏவி வயர் கழண்டுச்சு.

அடுத்து தென்காசில ஒரு கடை. ஒரு டிவில நாலஞ்சு பாக்ஸ் மாட்டணும்னு சொன்னேன், அவரு உடனே எடுத்து குடுத்தாரு, டப்பால நாலு ஓட்டை படம் போட்டிருந்துச்சு நானும் வாங்கிட்டு வந்துட்டேன். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மாட்டி கழட்டி மாட்டி கழட்டி ஒண்ணும் வரல. அப்புறம் டப்பாவ ஒழுங்கா படிச்சா அது ஸ்ப்ளிட்டர். தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், ஸ்ப்ளிட்டர்னா ஒரு பாக்ஸ்ல இருந்து வர படத்த நாலு டிவிக்கு பிரிச்சு குடுக்கிறது, ஓட்டல்ல கிரிக்கெட் போடுவாங்கல்ல அதுக்கு. ஸ்விட்ச்னா நேர் எதிரு, பல பாக்ஸ்ல ஒண்ண மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு டிவிக்கு அனுப்புறது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் சிக்கல். ஸ்ப்ளிட்டர திருப்பி மாட்டுனா ஸ்விட்ச் ஆகாது, நான் மாட்டி பாத்துட்டேன், நீங்க சிரமப்பட வேண்டாம். (பை-டைரக்‌ஷனல்னு ஒண்ணு வருது, ஒரு பட்டன் வச்சு ரெண்டு பக்கமும் வேல செய்யும், ஆனா அதுல பெரும்பாலும் ரெண்டு பாக்ஸ்தான் மாட்ட முடியும்.) மறுநாள் கடைல திருப்பி குடுத்தா பணம் தர மாட்டாங்களாம் வேற சாமான் எடுத்துக்கங்க அண்ணாச்சின்னாரு, ஒரு போன் சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துட்டு வந்தேன். அந்த சார்ஜர் பின்னாடி கதைல வரும்.

அப்புறம் ஆன்லைன்ல 349 ரூபாக்கு ஒரு மூணு போர்ட் ஸ்விட்ச், வாலு மாதிரி ஒரு சின்ன வயரு அதுலயே ஒட்டி வரும், தனி கரண்டு வேண்டாம். ஹெச்டிஎம்ஐ வயருல 19 பின் இருக்கு, அதுல 18வது பின்ல பாக்ஸே ஒரு 5 வோல்ட் அனுப்பும், அத உறிஞ்சிட்டுதான் இது ஓடுது. ரெண்டு செட்டாப் பாக்ஸுக்கும் அது போதும், உண்மையாவே நல்லா ஓடுச்சு. ஃபயர் ஸ்டிக்க போட்ட உடனதான் ஆட்டம் ஆரம்பிச்சுது, படம் வருது, போகுது, வருது, மூணு செகண்டு கறுப்பு, திரும்ப வருது. டப்பால பெருசா 4கே அல்ட்ரா ஹெச்டின்னு போட்டிருக்கு, கீழ எறும்பு சைஸ்ல 30 ஹெர்ட்ஸ்னு (செகண்டுக்கு 30 படம்) போட்டிருக்கு. அதாவது பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 வகை. அது செகண்டுக்கு 10.2 ஜிகாபிட் வரைக்கும்தான் தாங்கும். 4கே 60 ஹெர்ட்ஸ் போகணும்னா 2.0 வகை வேணும், 18 ஜிகாபிட். இந்த 2.0 வந்தது 2013ல, இன்னமும் 1.4 சரக்க 4கேன்னு விக்கிறானுவ, பொய்யுன்னு சொல்ல முடியாது, 4கே தான், 30 ஹெர்ட்ஸ்ல.

வாங்குறவங்க டப்பால மூணு விஷயம் மட்டும் தேடுங்க. 60 ஹெர்ட்ஸ், 18 ஜிகாபிட், ஹெச்டிசிபி 2.2. மூணும் இருந்தாதான் 4கே ஸ்டிக்க அதுல சொருக யோசிக்கணும். கடைசில சொன்ன ஹெச்டிசிபி என்னன்னா, படத்த காப்பி அடிக்க விடாம தடுக்கிற பூட்டு, எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரே வார்த்தைல புரியும், கேரளா போற வழில இருக்க புளியரை செக்போஸ்ட். ஸ்டிக்ல இருந்து படம் கிளம்புது, வழில ஸ்விட்ச் இருக்கு, அங்க பேப்பர் காட்டணும், அப்புறம் டிவி இருக்கு அங்கயும் காட்டணும், எல்லார் பேப்பரும் சரியா இருந்தாதான் லோடு தாண்டும். நடுவுல இருக்க ஸ்விட்ச்கிட்ட பழைய பேப்பர் இருந்தா மொத்த வண்டியும் நிக்கும், திரைல கறுப்பு. சில சமயம் படம் காட்டுற ஆப் இரக்கப்பட்டு 4கேவ குறைச்சு சாதா படமா அனுப்பும், உங்களுக்கு ஏன் மங்கலா இருக்குன்னே தெரியாது. நீங்க பாக்ஸ மாத்துற ஒவ்வொரு தடவையும் இந்த செக்கிங் திரும்ப மொதல்ல இருந்து நடக்கும், அதான் மாத்துனதும் ரெண்டு மூணு செகண்டு ஒண்ணும் தெரியாது. அது ஸ்விட்ச்சோட கோளாறு இல்ல, பெரும்பாலான ஸ்விட்ச்ல இருக்கும்.

இந்த சமயத்துல கார்த்திகைக்கு அத்தைய கூட்டிட்டு புனலூர் போனோம், ரயில்லயே போனோம், கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் தாண்டும்போது பையன் எப்பவும் போல வாசப்படில நிக்கேன்னு அடம். புனலூர்ல ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை, சிசிடிவி சாமான்தான் முக்கியமா விக்காங்க. நான் அரைகுறை மலையாளத்துல ஸ்ப்ளிட்டர் கதைய சொல்லி முடிக்கல, கடைக்காரரு சிரிச்சிட்டே “டிவி ஒண்ணு, பெட்டி அஞ்சு, அதல்லே சேட்டா? அப்போ ஸ்விட்சா வேண்டது” அப்டின்னு இத எடுத்து வச்சாரு. அதோட விடல, என்னென்ன மாட்டப் போறீங்கன்னு கேட்டாரு, டிவிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கேட்டாரு, கடைலயே ஒரு பாக்ஸும் லேப்டாப்பும் மாட்டி காட்டுனாரு. தென்காசி கடைல இந்த மூணு கேள்வில ஒண்ணு கேட்டிருந்தா எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். கடைக்கு 5க்கு 5.

இனி சாமானுக்கு வாறேன். படம் விஷயத்துல குறை இல்ல. மொத ரெண்டு மாசம் ஃபயர் ஸ்டிக்கையும் இதுலதான் போட்டிருந்தேன், 4கே 60 சுத்தமா வந்துச்சு. ஆனா ஆரம்பத்துல ஸ்விட்ச்ச ஷெல்ஃப்ல வச்சு டிவிக்கு 5 மீட்டர் வயரு போட்டேன், அப்ப எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் எடுப்பா தெரியுற வகை) படம் போட்டா மட்டும் வெள்ள வெள்ளையா புள்ளி மின்னும். இதுல ஒரு கணக்கு இருக்கு, ஸ்டிக்ல இருந்து ஸ்விட்ச்சுக்கு வர வயரு, ஸ்விட்ச்ல இருந்து டிவிக்கு போற வயரு, ரெண்டு நீளத்தையும் மனசுல வச்சுக்கணும், சாதா வயருல 4கே அஞ்சு மீட்டருக்கு மேல போனா நம்பிக்கை இல்ல. 1.5 மீட்டர் நல்ல வயரா மாத்தி ஸ்விட்ச்ச டிவி முதுகுல டபுள் டேப் போட்டு ஒட்டுனேன், புள்ளி போச்சு. வயரு 350 ரூபா. தங்க முலாம், 24 காரட்னு எழுதி 1,500க்கு ஒண்ணு வச்சிருந்தாங்க, அது எதுக்கு, நகைக்கடைக்கா போறோம்.

தலைவலி வந்தது ஆட்டோ ஸ்விட்ச்சிங்ல. விளம்பரத்துல அதான் பெரிய விஷயமா போடுறாங்க, எந்த சாமான ஆன் பண்றீங்களோ தானா அதுக்கு மாறிக்கும்னு. கேக்க நல்லாதான் இருக்கு. ஸ்விட்ச்சுக்கு எது ஆன் எது ஆஃப்னு எப்பிடி தெரியும், நான் சொன்னேன்ல 5 வோல்ட், அது புதுசா எந்த வயர்ல வருதோ அங்க ஓடும், இப்ப காட்டுறது ஆஃப் ஆனா உயிரோட இருக்க வேற ஒண்ணுக்கு ஓடும். இப்ப எங்க வீட்ட பாருங்க. டிவிஆர் 24 மணி நேரமும் ஆன். செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல ஆஃப் பண்ணா அது தூங்குது அவ்ளோதான், 5 வோல்ட் பாட்டுக்கு வந்துட்டே இருக்கு. ஸ்டிக்கும் அப்பிடித்தான். அதனால பாதி நேரம் ஆட்டோங்கிறது சும்மா பேருக்கு.

ஆனா கரண்டு போய் வந்தா ஆட்டோவுக்கு உயிர் வந்துரும். இது ஆனி ஆடி, குத்தாலத்துல சாரல் சீசன், காத்து அடிக்கிற அடில மரக்கிளை வயர்ல உரசுனா ஒரு நாளைக்கு மூணு தடவ கரண்டு போகும். கரண்டு வந்த உடன எல்லா பொட்டியும் ஒண்ணா எந்திரிக்கும், கேபிள் பாக்ஸ் மொதல்ல, அப்புறம் மத்தது, எல்லாத்துக்கும் கடைசியா டிவிஆர், ஹார்ட் டிஸ்க்க தடவி பாத்து எந்திரிக்க ஒரு நிமிஷம் எடுக்கும். கடைசியா எந்திரிச்சவன்தான் புதுசா வந்தவன், ஸ்விட்ச் அவன்கிட்ட ஓடிரும். ஆக கரண்டு வந்து, அம்மா நாடகத்த வச்சு, அந்த மருமவ வாயத் திறந்து உண்மைய சொல்லப் போற நேரத்துல டக்குனு எங்க வீட்டு கேட்டும் அதுக்கு கீழ படுத்திருக்க நாயும். “ஏல, இது என்ன நம்ம வாசல் தெரியுது, நாடகம் எங்க போச்சு?” ஆபீஸ்ல இருக்க எனக்கு போன். இது ஒரு வாரம் தெனமும்.

நல்ல காலத்துக்கு இதுல ஆட்டோவ ஆஃப் பண்ண வழி இருக்கு, முன்னாடி பட்டன அஞ்சு செகண்டு அமுக்கி பிடிக்கணும். மேனுவல்ல கடைசி வரில இருக்கு. எல்லா ஸ்விட்ச்லயும் இது கிடையாது, அந்த 349 ரூபா சாமான்ல கிடையவே கிடையாது, அதனால வாங்கும்போது ஆட்டோ ஆஃப் பண்ண முடியுமான்னு கேட்டு வாங்குங்க. வீட்ல எப்பவும் ஓடுற சாமான் ஒண்ணு இருந்தா இது ரொம்ப முக்கியம்.

ஆஃப் பண்ணதும் அடுத்த பிரச்சன. இந்த ஸ்விட்ச்சுக்கு ஞாபகம் கிடையாது, கரண்டு போய் வந்தா எப்பவும் ஒண்ணாம் நம்பர்லதான் வந்து நிக்கும். அப்ப ஒண்ணாம் நம்பர் யாருக்கு? டெக்னிக்கலா இது சின்ன விஷயம், எங்க வீட்ல இது பெரிய விஷயம். அம்மா பொட்டிய ஒண்ணுல போட்டா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, “சாரமில்ல மாப்ள” (பரவாயில்ல மாப்ள) அப்டின்னுட்டு எந்திரிச்சு சமையக்கட்டுக்கு போயிருவாங்க, அந்த சாரமில்லைக்கு என்ன அர்த்தம்னு வீட்டுக்காரி ராத்திரி எனக்கு விளக்குவா. அத்தை பொட்டிய ஒண்ணுல போட்டா அம்மா நேராவே கேப்பா. கடைசில ஒண்ணு அம்மா, ரெண்டு அத்தை, ஆனா ரிமோட் அத்தை கையில. அப்பிடி ஒரு ஒப்பந்தம். முல்லைப் பெரியாறு பேச்சுவார்த்தைல கூட இவ்வளவு நுணுக்கமா பேசியிருக்க மாட்டாங்க.

ரிமோட்னு சொன்ன உடன இன்னொண்ணு. அத்தையோட டிடிஹெச் ரிமோட்ல ஏதோ ஒரு பட்டன அமுக்குனா ஸ்விட்ச் தன்னதான் கூப்பிடுறாங்கன்னு நினைச்சு நாலாம் நம்பருக்கு தாவுது. திரும்ப அதே வாசல், அதே நாய். மலிவு சாமான்ல ரிமோட் கோட எல்லாம் பொதுவா வச்சிருப்பானுவ போல, ஒருத்தன் பேச்சு இன்னொருத்தன் காதுல விழுந்துருது. டப்பாலயே ஒரு வயரு குடுத்திருக்கான், நுனில சின்ன கண்ணு, டிவி பின்னாடி ஸ்விட்ச்ச ஒளிச்சு வச்சாலும் ரிமோட் வேல செய்ய அந்த கண்ண முன்னாடி ஒட்டிக்கலாம். நல்ல ஐடியாதான். நான் என்ன பண்ணேன்னா அந்த கண்ண டிவியோட அடி விளிம்புல ஒட்டி மேல ஒரு சுத்து பிளாக் டேப் சுத்திட்டேன், பக்கத்துல போய் ஸ்விட்ச் ரிமோட்ட நீட்டுனாதான் கேக்கும், சோபால இருந்து டிடிஹெச் ரிமோட் அடிச்சா கேக்காது. செவிடாக்கி சரி பண்ண வேண்டியதா போச்சு. இதுக்கு ஒரு அரை மார்க் குறைக்கேன்.

ரிமோட்லயே டிவிய ஆன் பண்ற சிஇசி சமாச்சாரம் வேற குழப்பும். ஃபயர் ஸ்டிக் ரிமோட்ல ஹோம் அமுக்குனா டிவி தானா ஆன் ஆகி ரெண்டாம் ஹெச்டிஎம்ஐக்கு மாறிக்கும், அது வரைக்கும் ஜோரு. ஆனா அந்த ரெண்டாம் போர்ட்ல தொங்குற ஸ்விட்ச் எந்த நம்பர்ல நிக்குதுன்னு டிவிக்கும் தெரியாது ஸ்டிக்குக்கும் தெரியாது. ஸ்டிக்க கூப்பிட்டா அத்தையோட செய்தி ஓடும்.

மூணாவது மாசம் அடாப்டர் போச்சு. போனதே ரெண்டு நாள் தெரியல, ஏன்னா எல்இடி எரியுது, கேபிள் வருது, பிஎஸ்4 போட்டா மட்டும் படம் அறுந்து அறுந்து வருது, பையன் பிஎஸ்4 போச்சுன்னு அழுகையே ஆரம்பிச்சிட்டான் (துபாய்ல இருக்க என் மச்சான் குடுத்த சாமான், உசுரு). உண்மைல அடாப்டர் செத்துருச்சு, ஸ்விட்ச் அந்த 18வது பின் வழியா பாக்ஸுங்க அனுப்புற 5 வோல்ட்ட உறிஞ்சி அரை உசுர்ல ஓடிட்டு இருந்துருக்கு. நல்லவேள பின்னாடி இருக்கது சாதாரண மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை, தென்காசில பணத்துக்கு பதிலா எடுத்த போன் சார்ஜர மாட்டுனேன், அன்னைல இருந்து ஒரு பிரச்சன இல்ல. புனலூர் கடைக்கு போன் அடிச்சா அடாப்டர் மட்டும் மாத்தி தாறேன் கொண்டு வாங்கன்னாரு, அதுக்காக மல தாண்டி யாரு போவா, அடுத்த தடவ போறப்ப வாங்கிக்கணும். டிவி யூஎஸ்பில இருந்து கரண்டு எடுக்கலாமான்னு கேப்பீங்க, எடுக்கலாம், ஆனா டிவிய ஆஃப் பண்ணா ஸ்விட்ச்சும் ஆஃப், ஒவ்வொரு தடவையும் ஒண்ணாம் நம்பர். சில வீட்டுக்கு அது வசதிதான், எங்க வீட்டுக்கு ஒப்பந்த மீறல்.

இப்ப நான் வச்சிருக்க ஏற்பாட சொல்லுதேன், இத வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும். ஒரு நாள் உக்காந்து எந்த சாமான் என்ன படம் அனுப்புதுன்னு பாத்தேன். கேபிள் பாக்ஸ் 1080, டிடிஹெச் 1080, டிவிஆர் 1080, பிஎஸ்4 ஸ்லிம் மாடல் அதுவும் 1080தான். 1080 படம் 60 ஹெர்ட்ஸ்ல போக நாலரை ஜிகாபிட் போதும், அத அந்த 349 ரூபா ஸ்விட்ச்சே கண்ண மூடிட்டு தாங்கும். 4கே இருக்கது ஸ்டிக் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுக்காகத்தான் நான் 18 ஜிகாபிட் தேடி அலைஞ்சிருக்கேன். அதுக்கு பதிலா ஸ்டிக்க நேரா டிவில போட்டா முடிஞ்சு போச்சு, போர்ட் எங்க இருக்கு, ஏஆர்சி போர்ட்ல சவுண்ட்பார்தானே உக்காந்திருக்கு, சவுண்ட்பார ஆப்டிகல் வயருக்கு மாத்திட்டேன், 250 ரூபா. என் சவுண்ட்பார் 2.1 சாதா மாடல், ஆப்டிகல்ல டால்பி 5.1 வரைக்கும் போகும், எனக்கு காதுல ஒரு வித்தியாசமும் தெரியல. அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர மாதிரி கேக்குற வகை) சவுண்ட்பார் வச்சிருக்கவங்க இத பண்ணாதீங்க, ஆப்டிகல்ல அட்மாஸ் போகாது. இன்னொண்ணு, ஏஆர்சி வேணும்னு சவுண்ட்பார ஸ்விட்ச்ல சொருகாதீங்க, சத்தம் திரும்பி வராது, இந்த மாதிரி ஸ்விட்ச் எல்லாம் ஒன்வே ரோடு.

ஆப்டிகல் வயர்ல போறது வெளிச்சம், உள்ள செம்பு கிடையாது, அடுத்த இடி அது வழியா சவுண்ட்பாருக்கு போகாதுங்கிறது ஒரு போனஸ். கஷ்டம் என்னன்னா டிவி ரிமோட்ல சவுண்ட் கூட்ட முடியல, சவுண்ட்பாருக்கு தனி ரிமோட். ஆக அம்மா முன்னாடி இப்ப டிவி, கேபிள், சவுண்ட்பார்னு மூணு ரிமோட், மூணையும் பால் பாக்கெட் ரப்பர் பேண்ட் போட்டு ஒண்ணா கட்டி வச்சிருக்கா, எது வேணுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கிறா. இப்பிடி ஒரு யுனிவர்சல் ரிமோட் எந்த கம்பெனியும் செய்யல.

ஸ்டிக்குக்கும் நேரா போட்டதுல ஒரு நல்லது நடந்துச்சு, ஹோம் அமுக்குனா சரியா அதே வருது. ஸ்டிக்குக்கு கரண்டு அதோட அடாப்டர்லயே குடுங்க, டிவி யூஎஸ்பில குடுத்தா பல டிவில பத்தாது, திரும்ப திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், ஜனங்க அத ஸ்விட்ச் கோளாறுன்னு நினைச்சு ஸ்விட்ச்ச திருப்பி அனுப்புறாங்க. ரிவ்யூவுல ஒரு ஸ்டார் போட்டவன்ல பாதி பேரு கேச படிச்சா இதுதான் தோணுது.

ஸ்விட்ச்ல இப்ப நாலு, அஞ்சாவது காலி, லேப்டாப் வந்தா அதுல. நாலாம் நம்பர் டிவிஆர் கூட வேணாம் போன்ல ஆப் இருக்கேன்னு எடுக்கப் போனேன், ரெண்டு அம்மாமாரும் சேந்து வேண்டாம்னுட்டாவ, நாடகத்துக்கு நடுவுல விளம்பரம் வந்தா வாசல்ல யாரு போறா வாறான்னு பாக்க வசதியா இருக்காம். இந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒரே கட்சி.

மார்க் கேட்டா 5க்கு மூணரை. படத்துக்கு முழு மார்க், ரிமோட் காது கேக்குற விஷயத்துக்கு அரை, அடாப்டருக்கு ஒண்ணு கழிச்சாச்சு. 4கே சாமான் ஒண்ணுக்கு மேல இருந்தா, பிஎஸ்4 ப்ரோ, 4கே ப்ளூரே அப்பிடி ஏதாவது, கண்டிப்பா இந்த வகையே வாங்குங்க. பிஎஸ்5ல 120 ஹெர்ட்ஸ் ஆடுறவங்க இத வாங்காதீங்க, அதுக்கு ஹெச்டிஎம்ஐ 2.1 வகை, 48 ஜிகாபிட், விலையும் வேற ரேஞ்சு, இருக்க நல்ல போர்ட்ட பிஎஸ்5க்கு குடுத்துட்டு மத்தத ஸ்விட்ச்ல தள்ளுங்க. என்ன மாதிரி வெறும் செட்டாப் பாக்ஸும் கேமராவும்தான்னா மலிவுலயே தனி கரண்டு எடுக்கிற, ஆட்டோவ ஆஃப் பண்ண முடியுற ஒரு நாலு போர்ட் போதும், மிச்சப் பணத்துக்கு பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிடலாம்.

ஐப்பசி வாறதுக்குள்ள அந்த டிஷ் வயருக்கு எர்த் போடணும். எலக்ட்ரீசியன் நாளைக்கு வாறேன்னு சொல்லிருக்காப்ல, ரெண்டு வாரமா.